ஒரு பக்கச் சடை

பயப்படாதீங்கம்மா, படுங்க. மேல யாரும் யாரையும் அடிக்கல. அது எங்க மகி. நகம் வெட்டுறாங்க. ஒரு நாளைக்கு ஒரு விரல். அந்த ஒரு விரலுக்குத்தான் இம்புட்டுச் சத்தம். செவ்வாக்கிழமை நகம் வெட்டலாமான்னு கேட்காதீங்க, அதெல்லாம் பாத்தா இந்த வீட்டுல ஒரு நகமும் வெட்ட முடியாது. கையை அவளேதான் நீட்டுவா. நீட்டிட்டுக் கத்துவா. கத்தி முடிச்சிட்டு மறுபடியும் நீட்டுவா.

பேசாதீங்க, பேசாதீங்க. முகத்துல போட்ட பேக் காயுறப்ப வாயைத் திறந்தா வெடிச்சிரும். இருபது நிமிஷம் ஆகும். நான் பேசுறேன், நீங்க கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க. தெருவுக்குப் புதுசா குடி வந்திருக்கீங்க. எப்படியும் யாராவது எதையாவது சொல்லத்தான் போறாங்க. அதுக்கு நானே சொல்லிடுறேன்.

என் பேரு மங்கையர்க்கரசி. போர்டுல அரசி பியூட்டி பார்லர்னு பாத்திருப்பீங்க. இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. இந்த வத்தலக்குண்டுல முப்பது வயசைத் தாண்டின எந்தப் பொம்பளையை வேணா கேளுங்க, கல்யாணத்துக்கு அவ தலையை யார் பண்ணினான்னு. வீடு என்னோடது. கீழ பார்லரும் நானும். எங்க வீட்டுக்காரர் லாரிக்குப் போறவர், மாசத்துல பத்து நாள் வந்துட்டுப் போவார். மேல என் தங்கச்சி சுகந்தி, அவ வீட்டுக்காரர் ஜெயபாண்டி, அவங்க மகள் மகிழினி. மாப்பிள்ளை ஈ.பி.ல லைன்மேன். எனக்குப் பிள்ளை இல்ல. அதைச் சொன்னா எல்லாரும் ஒடனே முகத்தை ஒரு மாதிரி வச்சுக்குவாங்க. நீங்க வைக்காதீங்க, பேக் போயிரும்.

மகி ரெண்டு வயசு வரைக்கும் பேசினா. அம்மா, பால், காக்கா, பெய்யா. பெய்யான்னா நாந்தான், பெரியம்மா. அப்புறம் ஒண்ணொண்ணாப் போச்சு. கடைசியா இருந்தது காக்கா. அதுவும் ஒரு நாள் போயிருச்சு. கூப்பிட்டாத் திரும்ப மாட்டா. ஃபேனைப் பாத்துக்கிட்டே அரை மணி நேரம் நிப்பா. நான் என்ன சொன்னேன்? எங்க சித்தப்பா ஒருத்தர் அஞ்சு வயசுலதான் வாயைத் திறந்தார், அதுக்கப்புறம் அவர் வாயை மூடவே இல்ல, விடுன்னு சொன்னேன். இவங்க கேக்கல. மதுரைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. டாக்டர் ஆட்டிசம்னார். சின்ன வயசுலயே ஆரம்பிச்சா நல்லது, வாரத்துக்கு இருபத்தஞ்சு மணி நேரம், வீட்டுலயே வச்சுப் பண்ணுங்கன்னார்.

இருபத்தஞ்சு மணி நேரம்! ஒரு நாளைக்கு அஞ்சு. நான் பியூட்டிஷியன் கோர்ஸ் படிச்சப்பக் கூட அவ்வளவு படிக்கல.

அன்னையில இருந்து மேல வீடு வீடா இல்லம்மா. சுகந்தி பிரைவேட் ஸ்கூல்ல டீச்சரா இருந்தா, விட்டுட்டா. ஹால்ல இருந்த சோஃபாவை என் தலையில கட்டினாங்க, இந்தா நீங்க செருப்பைக் கழட்டிட்டு உக்காந்தீங்களே, அதேதான். டி.வி.க்குப் போர்வை. பத்துல இருந்து பன்னெண்டு வரைக்கும் குக்கர் விசில் வரக்கூடாதாம். எனக்கும் சேத்து சட்டம். திண்டுக்கல்லுல இருந்து பஸ்ஸைப் புடிச்சு ஒரு பொண்ணு வரும், ரிஸ்வானான்னு பேரு. இருபத்தி நாலு வயசு. ஒட்டடைக்குச்சி மாதிரி இருப்பா. பையில ஃபைலும் பொம்மையும் ஒரு டப்பா நிறைய பொரியும். மகி ஒண்ணு செஞ்சா ஒரு பொரி. நான் கேட்டேன், ஏம்மா, இது பிள்ளையா, கோயில் குளத்து மீனான்னு. அந்தப் பொண்ணுக்குக் கோவமே வரல. "மீனுக்குப் போடுறதும் கிட்ட வரணும்னுதானேக்கா"ன்னா.

மாப்பிள்ளையைச் சொல்லணும். கம்பத்துல ஏறி இறங்கிட்டு வந்த மனுஷன், காக்கிச் சட்டையோட தரையில உக்காந்து பந்தை உருட்டுவார். அவ திருப்பி உருட்டணும். அதுதான் அவருக்குக் குடுத்த வேலை. நாப்பது தடவை உருட்டுவார், நாப்பது தடவையும் அவரே எந்திரிச்சுப் போய் எடுத்துட்டு வருவார். பதினாலு நாள். பதினஞ்சாம் நாள் படபடன்னு இறங்கி வந்தார். நான் ஒருத்திக்கு மெகந்தி போட்டுக்கிட்டு இருக்கேன், பொம்பளைங்க இருக்கிற எடம்னு கூடப் பாக்காம உள்ள வந்து, "மதினி, உருட்டிட்டா"ன்னார். அவ்வளவுதான் சொன்னார். மெகந்தி போட வந்தவ, யாரு எதை உருட்டினான்னு தெரியாம முழிக்கிறா.

இதெல்லாம் சரி. நான் குறை சொல்லல. என் பிரச்சனை தலை.

மகிக்குத் தலையில சீப்புப் படக்கூடாது. பட்டா, தீயை வச்ச மாதிரி. பிறவியிலேயே நல்ல முடி, எங்க வம்சத்து முடி, இடுப்பு வரைக்கும் சுருண்டு சுருண்டு கிடக்கும். முன்னாடியெல்லாம் சுகந்தி கால் ரெண்டுக்கும் நடுவுல இடுக்கிப் புடிச்சுச் சீவுவா, தெருவே கேக்கும். ரிஸ்வானா வந்ததும் அதை நிறுத்திட்டா. புடிச்சுவச்சுச் சீவக்கூடாதாம். முதல்ல சீப்பை மேசை மேல வைக்கணுமாம். சும்மா வைக்கணும். அப்புறம் பொம்மைக்குச் சீவணும். அப்புறம் மகி கையில, தோள்ல, கடைசியாத் தலையில. அதுவும் ஒரே ஒரு இழுப்பு. அதுக்குள்ள பிள்ளை கையில ஒரு அட்டையைக் குடுத்திருப்பா, அதுல ஒரு கை படம். அட்டையைக் காமிச்சா நிறுத்திடணும். எந்த இடத்துல இருந்தாலும் நிறுத்திடணும். 'போதும்'னு அர்த்தமாம்.

இதுக்கு எத்தனை நாள் ஆகும்னு கேட்டேன். ஏழெட்டு மாசம் ஆகலாம்னா.

ஒரு சீப்பு தலையில படுறதுக்கு ஏழு மாசம்! நான் ஏழு நிமிஷத்துல கொண்டை போடுறவ. நீங்களே சொல்லுங்க. இல்ல, நீங்க சொல்லாதீங்க.

அந்த ஏழு மாசத்துல முடி சும்மா இருக்குமா? பின்கழுத்துல சிக்குப் புடிச்சுக் கயிறாத் திரிஞ்சு போச்சு. இந்த நேரம் பாத்து, என்கிட்ட ஃபேஷியலுக்கு வந்த ஒருத்தி, மேல பிள்ளை கத்துறதைக் கேட்டுட்டு வெளிய போய், பிள்ளைங்களை யாராவது அடிச்சாச் சொல்றதுக்கு கவர்மெண்டுல ஒரு நம்பர் இருக்குல்ல, அதுக்கு ஃபோன் போட்டுட்டா. யாருன்னு எனக்குத் தெரியும். இப்பவும் வருவா, நானும் பண்ணிவிடுவேன். நாலாம் நாள் ஒரு அம்மாவும் ஒரு சாரும் வந்தாங்க. நல்ல மாதிரிதான். உக்காந்து விசாரிச்சாங்க, ரிஸ்வானா ஃபைலைப் பூரா காமிச்சா, சுகந்தி அழுதா, சரிம்மா, பாத்துக்கங்கன்னு எழுதிக்கிட்டு எந்திரிச்சுட்டாங்க. போறப்ப அந்தம்மா படியில நின்னு என் போர்டை நிமிந்து பாத்தாங்க. "கீழ பார்லரை வச்சுக்கிட்டு மேல பிள்ளைக்கு இப்படித் தலையாம்மா?"ன்னாங்க. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. கெட்ட மனசுல சொல்லல.

நான் ஊர்ப் பேச்சுக்குப் பயப்படுற ஆள் இல்லம்மா. இந்தத் தெருவுல முதல்ல பார்லர் போட்டவ. அப்ப என்னென்ன பேசினாங்க தெரியுமா? காதுலயே வாங்கல. யார் என்ன சொன்னாலும் எனக்கு ஒண்ணுதான்.

மறுநாள் கத்திரியைச் சாணை புடிக்கக் குடுத்தேன்.

ஆடி மாசம். மத்தியானம் ரெண்டரை மணி இருக்கும். சுகந்திக்கு ரேஷன் கடையில ரேகை வைக்கணும். மகி தூங்குறா, கொஞ்சம் பக்கத்துல இருக்கான்னுட்டுப் போனா. நான் மேல போனேன். பிள்ளை ஒருக்களிச்சுப் படுத்திருக்கு, வாயோரம் எச்சில். தலையைப் பாத்தேன். கத்திரி சத்தமே வராம வெட்ட எனக்குத் தெரியும், எங்க கோர்ஸ் மேடம் சொல்லுவாங்க, அரசி வெட்டினா முடிக்கே தெரியாதுன்னு. பத்தே நிமிஷம். பின்னாடி ஏத்தி, காதோரம் வளைச்சு, முன்னாடி நெத்தி தெரியாம. பொம்மை மாதிரி இருந்தா. அப்படி ஒரு வெட்டை நான் காசு குடுத்து வந்தவளுக்குக் கூட வெட்டினதில்ல.

எந்திரிச்சா. கை தானாத் தலைக்குப் போச்சு. முடி இருந்த எடத்துல முடி இல்ல. பக்கத்துல பாத்தா. நான் கத்திரியோட உக்காந்திருக்கேன். நான் காதைப் பொத்திக்கலாம்னு தயாரா இருக்கேன். அவ கத்தல. அதுதாம்மா. கத்தவே இல்ல. என்னைப் பாத்துக்கிட்டே பின்னாடி நகந்து நகந்து போய்ச் சுவத்துல ஒட்டிக்கிட்டா. ரெண்டு கையும் தலை மேல.

சுகந்தி வந்தா. பாத்தா. என்னைத் திட்டுவான்னு பாத்தேன், திட்டினா நானும் நாலு திட்டலாம். தரையில கிடந்த முடியைப் பூராப் பொறுக்கிப் பேப்பர்ல சுத்தினா. அப்புறம் சொன்னா, "நீ கீழேயே இருக்கா. கூப்பிடாம மேல வராத."

"என் வீடுடி"ன்னேன்.

"ஆமா"ன்னா. "அதான் வேற வீடு பாக்கச் சொல்லப் போறேன் அவரை."

அதுக்கப்புறம் பிள்ளை படுக்கல. படுக்க வச்சா எந்திரிச்சு உக்காந்துக்கும். உக்காந்தபடிக்கே, சுவத்துல சாஞ்சு, கை ரெண்டையும் தலையில வச்சுக்கிட்டுத்தான் தூக்கம். பத்தொன்பது நாள். ஆறு மாசமாப் பாடுபட்டு 'தா', 'தண்ணி'ன்னு ரெண்டு வார்த்தை வந்திருந்துச்சு. ரெண்டும் போச்சு. மாப்பிள்ளை மறுபடியும் பந்தை உருட்ட ஆரம்பிச்சார், ஒண்ணாம் நாள்ல இருந்து. மாடிப்படியில என்னைப் பாத்தா, "சாப்டீங்களா மதினி"ன்னு மட்டும் கேப்பார். அது திட்டுறதை விடக் கொடுமை.

நான் பண்ணினது தப்பான்னு இப்பவும் எனக்குத் தெரியலம்மா. சிக்குத் தலையோட ஒரு பிள்ளை இருக்கக்கூடாதுன்னு நினைச்சேன். அவ்வளவுதான். தூங்குற பிள்ளைக்கு வலிக்கவே இல்ல. வலிக்காமச் செஞ்சேன். யாருக்கும் அது கணக்குல வரல. வீடு காலி பண்றீங்களா, பண்ணுங்கன்னு சொல்லிட்டேன். நல்ல வாடகைக்கு விடுவேன்னேன். ஒரு வாரம் ஒழுங்காச் சோறு எறங்கல, அது வெயிலுக்கு.

அப்ப ஒரு நாள் ரிஸ்வானா பார்லருக்குள்ள வந்தா. அதுவரைக்கும் வந்ததில்ல. புருவம் எடுக்க வந்திருக்கான்னு நெனச்சு, உக்காருன்னேன்.

"அரசிக்கா, நீங்க எனக்கு வேணும்"னா.

"என்னத்துக்கு? மீனுக்குப் பொரி போடவா?"

"ஒரே வீட்டுல இருக்கீங்க. உங்களைப் பாத்தாலே அவ தலையைப் பொத்துறா. வீடு மாறினாலும் அந்தப் பயம் கூடவே வரும். அவளுக்கு உங்க மேல கோவம் இல்லக்கா. தூங்கினா என்ன நடக்கும்னு அவளுக்குத் தெரியல. அதைச் சரி பண்ண உங்களால மட்டும்தான் முடியும்."

என்ன செய்யணும்னேன். தினமும் பதினோரு மணிக்கு மேல வந்து வாசப்படியில உக்காரணும். பத்து நிமிஷம். பேசக்கூடாது, கூப்பிடக்கூடாது, அவளையே பாத்துக்கிட்டும் இருக்கக்கூடாது. ரெண்டு கையையும் விரிச்சு மடியில வச்சுக்கணும். கையில ஒண்ணும் இல்லன்னு பிள்ளைக்குத் தெரியணுமாம்.

எனக்கு எப்படி இருக்கும்? என் வீட்டு மாடியில, என் தங்கச்சி வீட்டு வாசல்ல, திருடி மாதிரிக் கையை விரிச்சுக் காட்டிக்கிட்டு. கடையில கஸ்டமரை உக்கார வச்சுட்டு. முடியாது போன்னேன். சரிக்கான்னுட்டு எந்திரிச்சா. வாசல் வரைக்கும் போய்த் திரும்பி, "உங்க கையிலதான் கத்திரியை அவ பாத்தாக்கா, அதான்"னா.

மறுநாள் பதினோரு மணிக்குப் போனேன். அவ சொன்னதுக்காக இல்ல. இதெல்லாம் நடக்காதுன்னு நிரூபிக்கிறதுக்குப் போனேன்.

முதல் நாள் பீரோவுக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்கிட்டா. ரெண்டாம் நாள், மூணாம் நாள் அதேதான். நான் சுவத்துல இருக்கிற அட்டையெல்லாம் படிச்சுக்கிட்டு இருந்தேன். பல் விளக்கு, துண்டு எடு, படம் படமா. ஆறாம் நாள் பீரோவுக்கு வெளிய ஒரு கால் தெரிஞ்சுச்சு. எட்டாம் நாள் நான் ஒரு கிரீம் பிஸ்கட்டை முந்தானையில முடிஞ்சு கொண்டுபோனேன். ரிஸ்வானா பாத்துட்டா. "அக்கா, இன்னைக்குப் போதும், கீழ போங்க"ன்னா. அம்பது வயசு ஆகப்போகுது எனக்கு, பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கிளாசுக்கு வெளிய நிறுத்தின மாதிரி நிறுத்துறா. சுகந்தி அடுப்படியில நின்னு சிரிச்சா. சத்தம் வராமத்தான் சிரிச்சா, ஆனா முதுகு குலுங்குச்சு. அவ சிரிச்சு எத்தனையோ நாள் ஆகியிருந்துச்சு, அதனால நானும் பேசாம எறங்கிட்டேன்.

அவங்க வீடு மாறல. யாரும் அதைப் பத்திப் பேசல, அப்படியே விட்டுட்டாங்க. சுகந்தி என்கிட்டப் பேசுறதெல்லாம் தெரபிப் பேச்சுதான். மணி ஆச்சு, வா. போதும், போ. அக்கா தங்கச்சியா உக்காந்து ஒரு காப்பி குடிக்கல, ஒரு வருஷம்.

இருபத்தாறாம் நாள்னு நெனைக்கிறேன். மகி வந்தா. என் பக்கத்துல வந்து நின்னு, என் உள்ளங்கையை எடுத்து மூக்குல வச்சு மோந்தா. கோல்டு கிரீம் வாசனை. ரெண்டு கையையும் மோந்து பாத்துட்டுப் போயிட்டா. நான் அசையல. கையைக் கழுவாமலே சாப்புட்டேன் அன்னைக்கு. ரத்தம்மா, ரத்தம் இழுக்கும். பொரியும் அட்டையும் கொண்டுவந்தா சேத்துச்சு?

இருங்க, ஓரத்துல காஞ்சிருச்சான்னு பாக்குறேன். இன்னும் இல்ல. இழுக்குதா? இழுக்கத்தான் செய்யும். அதெல்லாம் வலிக்காது.

அப்புறம் சீப்பு. சுகந்தியால முடியாது, சீப்பை எடுத்தாலே பிள்ளை முகத்தைப் பாத்துட்டுத் திருப்பி வச்சிருவா. நாம பண்ணுவோம் அரசிக்கான்னு ரிஸ்வானா சொன்னா. பின்ன, வேற யார் பண்றது? பொம்மைக்கு ஒரு மாசம் சீவினேன். அந்தப் பொம்மைக்கு வத்தலக்குண்டுல எந்தக் கல்யாணப் பொண்ணுக்கும் போடாத சடையெல்லாம் போட்டேன். மகி உக்காந்து பாப்பா. அப்புறம் அவ கை, அப்புறம் தோள். மார்கழியில ஒரு நாள் அவளே என் கையைச் சீப்போட புடிச்சுத் தலையில வச்சா. வச்ச ஒடனே அட்டையைக் காமிச்சா. நிறுத்திட்டேன்.

சொல்றதுக்கு லேசா இருக்கும்மா. உங்களுக்குத் தெரியாது. கை பழகின கை. ஒரு தலையைத் தொட்டா முடிச்சுட்டுத்தான் விடும். பாதியில நிறுத்துறது எனக்குத் தும்மலை அடக்குற மாதிரி. ஒரு நாள் நல்லா வந்துக்கிட்டு இருந்துச்சு, நாலு இழுப்பு, அஞ்சு இழுப்பு. அவ அட்டையைத் தூக்கினா. இன்னும் ரெண்டே ரெண்டுதான், உச்சி நேராயிரும். இழுத்துட்டேன். அவ கத்தல. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பாத்தா. அப்புறம் கீழ போட்டுட்டா.

ரிஸ்வானா அன்னைக்குத்தான் முதல் தடவை குரலை ஒசத்தினா. "அவளுக்குத் தெரிஞ்ச ஒரே பேச்சு இதுதானேக்கா. நீங்க கேக்கலைன்னா அவ யார்கிட்டப் போய்ப் பேசுவா?"

சின்னப் பொண்ணுகிட்ட என்னத்தைச் சண்டை போடுறதுன்னு விட்டுட்டேன். ஆனா அதுக்கப்புறம் ஒரு இழுப்புலயே அட்டை வந்தாலும் சீப்பைக் கீழ வச்சிருவேன். டக்குன்னு. நானா இஷ்டப்பட்டு வைக்கிறேன், யாரும் சொல்லி இல்ல.

ஆவணியில கல்யாணம் வந்துச்சு. மாப்பிள்ளையோட அக்கா பஞ்சவர்ணம், அவ மகளுக்கு. நானும் அவளும் ஒருத்தரை ஒருத்தர் மதினின்னு கூப்பிட்டுக்குவோம். பொண்ணு அலங்காரம் நாந்தான், பின்ன யாரு? ஊரே வரும், பொண்ணைப் பாக்குறவங்கல்லாம் என் வேலையைப் பாப்பாங்க. அடுத்த முகூர்த்தத்துக்கு மூணு ஆர்டர் அன்னைக்கு மண்டபத்துல முடிவாகணும். பஞ்சவர்ணம் ஒரு வாரத்துக்கு முன்னாடியே சொல்லிட்டா: "மகிக்கு நல்லா ரெட்டைச் சடை போட்டு, பூ வச்சுக் கூட்டிட்டு வாங்க. சம்பந்தி வீட்டுல எல்லாரும் கேக்குறாங்க, பிள்ளைக்கு என்னன்னு." முடி வளந்து தோளைத் தொட்டிருந்துச்சு. போட்டுரலாம்னு நானும் சொல்லியிருந்தேன்.

விடியக்காலையிலேயே மண்டபத்துக்குப் போய்ப் பொண்ணை முடிச்சுட்டு, ஏழரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்தேன். மகி பட்டுப் பாவாடையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தா. அந்தப் பாவாடைக்கே ரெண்டு மாசம் பழக்கினாங்க, அது தனிக் கதை. நான் எண்ணெயைத் தொட்டு வச்சு, நடு வகிடு எடுத்து, வலது பக்கம் ஆரம்பிச்சேன். எவ்வளவு அழகா வந்துச்சுங்கிறீங்க! பொடிப் பொடியாப் பின்னி, ரிப்பன் கட்டி, மல்லி ஒரு துண்டு. பன்னெண்டு இழுப்பு. அதுவரைக்கும் அவ்வளவு இருந்ததே இல்ல. இடது பக்கத்துக்குத் திரும்பினேன். சீப்பை வைக்கிறேன்.

"போதும்."

அட்டை இல்ல. அட்டை அந்தாண்டை கிடக்கு. வாயால. கரகரன்னு, கதவு திறக்கிற மாதிரி ஒரு குரல். சுகந்தி கையில சேலைக் கொசுவம், அப்படியே விட்டுட்டா. ரிஸ்வானா அன்னைக்கு லீவு. மாப்பிள்ளை மண்டபத்துல. நாங்க மூணு பேர்தான்.

இடது பக்கம் காடு மாதிரி இருக்கு. மணி எட்டு. ஒன்பதுக்கு முகூர்த்தம். அஞ்சு நிமிஷம் போதும் எனக்கு. அவ கத்தியிருக்கவும் மாட்டாம்மா, என் கைக்குப் பழகிட்டா, பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. சுகந்தி என்னைப் பாக்குறா. நிறுத்துன்னும் சொல்லல, முடின்னும் சொல்லல. பாக்குறா.

சீப்பைக் கீழ வச்சேன்.

"அப்படியேவா கூட்டிட்டுப் போறது?"ன்னா சுகந்தி.

"அப்படியேதான். ஆட்டோவைக் கூப்புடு"ன்னேன்.

மண்டப வாசல்ல சந்தனத் தட்டோட பஞ்சவர்ணம் நிக்கிறா. சிரிச்சுக்கிட்டே வந்தவ, பிள்ளை தலையைப் பாத்தா. ஒரு பக்கம் சடை, மல்லி, ரிப்பன். ஒரு பக்கம் பரட்டை. சிரிப்பு போயிருச்சு.

"என்ன மதினி இது? பாதியில விட்டுட்டு வந்திருக்கீங்க?"

"அவ போதும்னா. நிறுத்திட்டேன்."

"நாலு வயசுப் பிள்ளை சொன்னா நிறுத்திருவீங்களா? புடிச்சு உக்கார வச்சுப் போட வேண்டியதுதானே? பார்லர்க்காரி வீட்டுப் பிள்ளை மாதிரியா இருக்கு? சம்பந்தி வீட்டாளுங்க முன்னாடி..." குரலைத் தாழ்த்தி, "பின்னாடி வரிசையில உக்கார வைங்க. போட்டோவுக்கு வேணாம்"னா.

சுத்தி நிக்கிற அத்தனை பொம்பளைங்களும் எனக்குத் தெரிஞ்சவங்க. பாதிப் பேரு தலை நான் பண்ணின தலை.

நான் சத்தமாத்தான் சொன்னேன். "மதினி, அவ பேசி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னைக்குக் காலைல ஒரு வார்த்தை பேசியிருக்கா. அந்த வார்த்தைக்கு மரியாதை குடுத்துக் கூட்டிட்டு வந்திருக்கேன். தலை அவளோடது. அவ எம்புட்டுப் போதும்னாளோ அம்புட்டுத்தான். பின்னாடி வரிசைன்னா, நாங்க நாலு பேரும் வந்த வழியே போறோம். பொண்ணுக்கு மேடையில பூ சரிஞ்சா நீங்களே சொருகிக்கங்க."

எங்க மாப்பிள்ளை ஜெயபாண்டி, பந்தல்கால்கிட்ட நின்னவர், வந்து மகியைத் தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டார். நேரா நடந்து முதல் வரிசையில போய் உக்காந்தார். போட்டோவுல நடுவுல நின்னோம். கேமராக்காரர், பாப்பாவைக் கொஞ்சம் வலது பக்கமாத் திருப்புங்க, சடை தெரியட்டும்னார். திருப்ப மாட்டேன், நேரா எடுன்னேன்.

மூணு ஆர்டர்ல ரெண்டு போச்சு. போகட்டும். பஞ்சவர்ணம் இன்னும் பேசல. அதுவும் போகட்டும். மகி அந்த வார்த்தையை மறுபடி சொல்ல மூணு வாரம் ஆச்சு. இப்ப ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்றா, இட்லிக்கும் போதும், மழைக்கும் போதும். ரிஸ்வானா ஃபைல்ல என்னமோ எழுதிக்கிட்டா, வார்த்தை வந்த தேதி, யார் கூட இருந்தான்னு. என் பேரை எழுதியிருக்கா. எழுதாம? நான் சொல்லிக் குடுத்ததுதானே அது.

அன்னைக்கு மண்டபத்துப் பந்தியில சுகந்தி எனக்குப் பக்கத்து இலையில வந்து உக்காந்தா. ஒரு வருஷம் கழிச்சு. நடுவுல மகி, ஒரு பக்கச் சடையோட. சுகந்தி சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே, என்னைப் பாக்காம, "ஏன்க்கா, அந்த இன்னொரு பக்கம்... உனக்குக் கை உறுத்தலையா?"ன்னு கேட்டா.

உறுத்துச்சும்மா. பொய் சொல்லுவானேன். அவ தலை எனக்கு ஒரு சாண் தூரத்துல இருக்கு, சாம்பாரை ஊத்துறான், பாயசத்தை ஊத்துறான், எனக்குச் சாப்பாட்டுல கண்ணே போகல. இப்ப சொல்றப்பவும் விரல் உறுத்துது, பாருங்க.

அவளுக்கு உறுத்தலையே. அவ பாட்டுக்கு அவ அப்பளத்தைத் தின்னுட்டு, என் இலையில இருந்ததையும் எடுத்துத் தின்னுக்கிட்டு இருந்தா.